இரவல் மன்னிப்பு

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதுதான் சரி. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து சலூன்காரர் இந்தச் சட்டத்தை மீறியதில்லை. ஒருவர் உட்கார்ந்துகொண்டு, இந்த ஆட்சியைப் போல் ஒரு ஆட்சி வராது என்பார். ஆமாங்க. அவர் எழுந்து போனதும் இன்னொருவர் உட்கார்ந்து, இப்படி ஒரு கேடுகெட்ட ஆட்சி எங்கேயாவது உண்டா என்பார். ஆமாங்க. மாமியாரைத் திட்டுகிறவருக்கும் ஆமாம், மருமகனைத் திட்டுகிறவருக்கும் ஆமாம். இதை இரட்டை நாக்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கையில் இருப்பது கத்தி, எதிரே இருப்பது கழுத்து. மறுத்துப் பேசினால் ஆள் விறைத்துக்கொண்டு தலையைத் திருப்புவார், தாடையில் கோடு விழும். ஆமாம் போட்டால் கழுத்து தளரும், கத்தி பாட்டுக்கு ஓடும். அவ்வளவுதான் விஷயம்.

கடைக்கு வெளியே அவர் பொய் சொல்லாத மனுஷர். ஷட்டரை இறக்கிப் பூட்டியதும் நேரே பிரார்த்தனைக் கூடத்துக்குப் போவார். கடைசி வரிசையில், தூணை ஒட்டி அவருக்கு ஒரு இடம். அங்கே வாய்விட்டு ஒரு வார்த்தை பேசமாட்டார். நாளெல்லாம் பேச்சுக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காது, கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும் என்பார். கடவுளிடம் மட்டும் ஆமாம் போடக் கூடாது, உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கணக்கு. உள்ளதைச் சொல்ல வார்த்தை எதற்கு, உட்கார்ந்திருந்தாலே போதும் என்று அவராகவே முடிவு பண்ணி வைத்திருந்தார்.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றைக்கு அவர் பெரிய ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டுக்குப் போவார். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் படுத்திருக்கும் கட்டில்களாகத் தேடிப் போய் முகம் மழித்துவிடுவார். காசு பணம் கிடையாது. எப்போது தொடங்கினார் என்று கேட்டால், அவருடைய அப்பா அதே வார்டில் கிடந்த காலத்தைச் சொல்வார். அப்பாவுக்கு மழித்துவிட்டு நிமிர்ந்தபோது பக்கத்துக் கட்டில்காரர் ஒன்றும் பேசாமல் தன் கன்னத்தைத் தடவிக் காட்டினாராம். அவருக்கும் செய்தார். அதற்கடுத்த கட்டில்காரரும் கன்னத்தைத் தடவினார். அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. கன்னத்தைத் தடவுகிறவர்கள் மட்டும் தீரவில்லை. அதனால் அவரும் நிறுத்தவில்லை.

படுத்திருப்பவருக்கு மழிப்பது கடையில் மழிப்பது மாதிரி இல்லை. நோயில் கிடந்தவரின் கன்னம் உள்ளே விழுந்திருக்கும். நாக்கை உள்ளேயிருந்து முட்டுக் கொடுக்கச் சொல்ல வேண்டும். தோல் காகிதம் போல் இருக்கும்; இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துத்தான் கத்தியை வைக்க முடியும். மூக்கில் குழாய் இருந்தால் அதைச் சுற்றி வர வேண்டும். வெந்நீருக்கு வார்டு சமையலறையில் கெஞ்ச வேண்டும். ஒவ்வொருவருக்கும் புது பிளேடு, ஒவ்வொருவருக்கும் துவைத்த துண்டு. முகத்தில் கை வைக்கும் முன் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வார். பாவம், கண்ணில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று நோயாளிகள் பரிதாபப்படுவார்கள்.

பிரார்த்தனைக் கூடத்தில் ஒருமுறை அவரை மேடைக்குக் கூப்பிட்டு, உங்கள் சேவையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். கடையில் ஒருத்தரைப் பாதி முடிவெட்டில் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லி எழுந்து ஓடிவிட்டார். அன்றைக்குத் திங்கட்கிழமை என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் எல்லோரும் அறிந்தது. அவர் மனைவிக்கோ இந்தச் சேவையில் பெரிய மயக்கம் ஒன்றும் இல்லை. ஒரு பேக்கரியின் கல்லாவில் நாள் முழுக்க நின்று ஆட்களை எடைபோட்டுப் பழகியவர் அவர். ஊரார் தாடையெல்லாம் வழவழவென்று இருக்கிறது, வீட்டுக்காரர் தாடிதான் கரடி மாதிரி வளர்கிறது என்பார். சொல்லிக்கொண்டே திங்கட்கிழமைத் துண்டுகளை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்.

லாரிக்காரர் வார்டுக்கு வந்தது மழைக்கால ஆரம்பத்தில். ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர், கல்யாணம் ஆகவில்லை, சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டது. உடம்பில் நீர் ஏறி, காய்ச்சலும் சேர்ந்து, நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. நினைவு வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். சின்னவன் வந்தானா? சின்னவன் என்றால் அவருடைய தம்பி. வெளியூரில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறாராம். வார்டு சிஸ்டர் லாரிக்காரரின் போனில் நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டுப் பார்த்தார். பேரைச் சொன்னதும் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். மறுபடி கூப்பிட்டபோது, தகவலுக்கு நன்றி என்று மட்டும் ஒரு குரல் சொன்னது.

முதல் திங்கட்கிழமை லாரிக்காரர் சலூன்காரரைச் சரியாகவே அடையாளம் கண்டார். மீசையில் கை வைக்காதே என்று அதட்டினார். சலூன்காரர் ஆமாங்க போட்டார். அடுத்த திங்கட்கிழமை காய்ச்சல் கூடியிருந்தது. கண் திறந்திருந்தும் பார்வை எங்கோ இருந்தது. சலூன்காரர் நுரை தடவி, கழுத்துத் தோலை இழுத்துப் பிடித்து, காதோரம் கத்தியை வைத்திருந்த நேரத்தில் அவர் பேச ஆரம்பித்தார்.

"வந்துட்டியாடா சின்னவனே."

சலூன்காரர் காதில் போட்டுக்கொள்ளாமல் கத்தியைக் கீழ்நோக்கி இழுத்தார். ஜுரத்தில் ஆட்களை மாற்றிப் பேசுகிறவர்கள் வார்டில் தினமும் உண்டு. அவரையே டாக்டர் என்றும், போலீஸ் என்றும், ஒருமுறை பொண்டாட்டி என்றும்கூடக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் லாரிக்காரர் நிறுத்தவில்லை. தங்கள் அம்மா சாகக் கிடந்த நாட்களைச் சொன்னார். அதற்கு முன்னால் அண்ணன் தம்பிக்குள் ஏதோ வாய்த் தகராறு; எதற்கு என்றுகூட இப்போது அவருக்கு நினைவில்லை. அந்தக் கோபத்தில் அம்மா கிடப்பதைத் தம்பிக்குத் தெரிவிக்கவில்லை. அம்மா கேட்கும்போதெல்லாம், சொல்லி அனுப்பிவிட்டேன், வந்துகொண்டே இருக்கிறான் என்று சொல்லிச் சொல்லியே நாளை ஓட்டினார். அம்மா அதை நம்பிக்கொண்டே கண்ணை மூடினாள். அடக்கம் முடிந்து பல நாள் கழித்து யாரோ ஊர்க்காரர் சொல்லித்தான் அம்மாவின் சாவும் இந்தப் பொய்யும் தம்பிக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அண்ணன் முகத்தில் அவர் விழித்ததே இல்லை.

சொல்லி முடித்ததும் லாரிக்காரர் சட்டென்று தலையைத் திருப்பினார். கத்தி அவருடைய தொண்டைக் குழிக்குப் பக்கத்தில் இருந்தது.

"என்ன மன்னிச்சுட்டியாடா?"

"ஆமாண்ணே," என்றார் சலூன்காரர்.

கழுத்து தளர்ந்தது. லாரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் வழிந்த நீர் நுரையில் கலந்து காதுப் பக்கம் இறங்கியது. சலூன்காரர் மீதி முகத்தை மழித்தார், துடைத்தார், படிகாரக் கல்லைத் தேய்த்தார். எல்லாம் கை செய்தது. மனசு அந்த ஒரு வார்த்தையிலேயே நின்றுவிட்டது. ஆமாம் என்றது தொழில் வாய். கத்தி ஓட வேண்டும் என்பதற்காகச் சொன்னது, சரி. ஆனால் அண்ணே என்றது யார்? வாடிக்கையாளர் யாரையும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. எத்தனை வயதானாலும் ஐயாதான். அந்தக் கிழவரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று தெரிந்தேதான் அதை ஒட்டவைத்திருக்கிறார். அதற்கு மேல் தன்னையே ஏமாற்றிக்கொள்ள அவரால் முடியவில்லை.

அன்று மாலை தூணை ஒட்டி உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும் என்று நினைத்திருந்த மனுஷருக்கு அன்றைக்கு உட்கார முடியவில்லை. பாதியிலேயே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பிடும்போது மனைவி முகத்தைப் பார்த்து விசாரித்தார். சலூன்காரர் முழுவதையும் சொன்னார். பாவம், சாகப்போகிற ஆள், நிம்மதியாகப் போகட்டும் என்றுதான் சொன்னேன் என்று முடித்தார். மனைவி தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"மன்னிப்பு என்ன உங்க கடைச் சரக்கா, எடுத்துக் குடுக்க? அது அந்தத் தம்பியோடது. அவர் வச்சிருந்தாலும் அவரோடது, குடுத்தாலும் அவரோடது."

சலூன்காரருக்குக் கோபம்கூட வந்தது. ஒரு நல்லது செய்யப் போய் இப்படி ஒரு பேச்சா என்று இருந்தது. ஆனால் மனைவி சொன்னதில் ஓட்டை எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை போனதும் சிஸ்டரிடம் சொல்லிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அதுவரை லாரிக்காரர் இருப்பாரா என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. வாரத்தின் நடுவில் ஒரு முற்பகலில், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்குத் தலையில் ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் கத்திரி வைத்தபோது போன் அடித்தது. சிஸ்டர்தான். லாரிக்காரரின் தம்பி வந்திருக்கிறார் என்றார். நல்ல விஷயம்தானே என்று சலூன்காரர் சொல்வதற்குள் சிஸ்டர் மீதியையும் சொன்னார். தம்பி கட்டிலருகே போய் நின்றாராம். லாரிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ யார் என்று கேட்டாராம். தம்பி என்று சொன்னதற்கு, என் தம்பி திங்கட்கிழமையே வந்துவிட்டான், முகம் மழித்துவிட்டான், மன்னித்துவிட்டான், நீ வேறு எங்கேயாவது போய்க் கேள் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இப்போது அந்தத் தம்பி, யார் என் பேரில் வந்தது என்று கேட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் ஊருக்குத் திரும்பப் போவதாகச் சொல்கிறார்.

சிஸ்டர் நல்லவர். சலூன்காரரை எப்போதும் விட்டுக்கொடுக்காதவர். இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள், ஜுரத்தில் உளறுகிறார் என்று நான் சமாளித்துக்கொள்கிறேன் என்றார். வார்டுக்கு வருகிற தொண்டர்கள் நோயாளியின் குடும்ப விஷயத்தில் வாய் கொடுக்கக் கூடாது என்பது விதி. மேலே தெரிந்தால் அனுமதியே போய்விடும் என்றும் எச்சரித்தார். போன வாரம் வரை கத்திக்கொண்டு கிடந்த மனுஷன் இப்போது அமைதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார், அதைக் கெடுக்காதீர்கள் என்று கடைசியாகக் கெஞ்சினார். சலூன்காரர் எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார். போனை வைத்தார். வாத்தியாரின் மறுபக்கத் தலையை முடித்தார். வானமே இடிந்து விழுந்தாலும் ஒருத்தரைப் பாதித் தலையோடு தெருவில் விட முடியாது. வாத்தியார் தன் தலைமையாசிரியரைப் பற்றிச் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. பிறகு வெயில் ஏறிய நேரத்தில் ஷட்டரை இறக்கினார். எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து, யாராவது போய்விட்டார்களா என்று விசாரித்தார்.

வார்டுக்கு வெளியே நீள வராந்தா. சுவரோடு போட்ட இரும்பு பெஞ்சில், மடியில் பையை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் டெஸ்டர் குத்தியிருந்தது. வேலையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட தன் வயசுதான் இருக்கும் என்று சலூன்காரருக்குத் தோன்றியது. எதிரே போய் நின்றார். உட்காரத் தைரியம் வரவில்லை.

"நான்தாங்க அது," என்றார். "நான் சலூன் வச்சிருக்கேன். உங்க அண்ணனுக்கு ஷேவ் பண்ண வந்தேன். என்னை நீங்கன்னு நெனச்சுக்கிட்டு மன்னிச்சுட்டியான்னு கேட்டார். ஆமாண்ணேன்னு சொல்லிட்டேன். எனக்கு அதைச் சொல்ல உரிமை இல்ல."

அடிப்பார் என்று எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அந்த மனிதர் கையைக்கூட அசைக்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்து, யாரிடமோ பேசுவது போல் பேசினார். சாகிற அம்மாவிடம் என் பேரில் ஒருத்தர் பொய் சொன்னார். நான் கிளம்பிவிட்டதாக, வந்துகொண்டே இருப்பதாக. நான் அப்போது எதுவும் தெரியாமல் எவன் வீட்டுக்கோ வயரிங் செய்துகொண்டிருந்தேன். இப்போது சாகிற அண்ணனிடமும் என் பேரில் இன்னொருத்தர் பொய் சொல்லியிருக்கிறார். நான் வந்துவிட்டதாக, மன்னித்துவிட்டதாக. என்னைப் பெற்றவளுக்கும் என் கூடப் பிறந்தவனுக்கும் நான் தேவைப்படவே இல்லை, என் பேர் மட்டும் போதுமாக இருந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவே இல்லை.

பிறகு அவர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். "அவருக்கு வேண்டியது கெடச்சாச்சு. எனக்கு இங்க என்ன வேல?"

சலூன்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிறகுதான் பிடித்தது தெரிந்தது. கொஞ்சம் பொறுங்கள், உள்ளே போய் அது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் போவதானால் போங்கள் என்றார். சொன்னால் அண்ணனுடைய நிம்மதி போய்விடுமே என்றார் தம்பி. அக்கறையோடு கேட்டாரா, குத்திக் கேட்டாரா என்று தெரியவில்லை.

"அந்த நிம்மதி என் பொய்யில வந்ததுங்க. அதத் திரும்ப வாங்க வேண்டியதும் நான்தான்."

வார்டு வாசலில் சிஸ்டர் வழி மறித்தார். சலூன்காரரின் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு. இனி இந்தப் பக்கமே வர முடியாமல் போகும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். கன்னத்தைத் தடவிக் காட்டுகிற முகங்கள் எல்லாம் சலூன்காரருக்குக் கண்முன் வந்தன. அவர்களை யார் பார்ப்பார்கள்? சிஸ்டரைப் பார்த்துக் கை கூப்பிவிட்டு உள்ளே போனார்.

லாரிக்காரருக்கு அன்றைக்குக் காய்ச்சல் குறைந்திருந்தது, ஆள் அடையாளம்தான் இன்னும் தெளியவில்லை. தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. வாடா சின்னவனே, மறுபடி முள்ளு முள்ளாக ஆகிவிட்டது பார் என்று கன்னத்தைக் காட்டினார். சலூன்காரர் கட்டிலின் பக்கத்தில் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை; கண்ணை மூடினால் எழுந்து ஓடிவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

நான் சின்னவன் இல்லை ஐயா, மழிக்க வருகிற சலூன்காரன் என்றார். அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு நான்தான் ஆமாம் என்று சொன்னேன், உங்கள் தம்பி சொல்லவில்லை என்றார். லாரிக்காரர் முதலில் சிரித்தார், தம்பி விளையாடுகிறான் என்று நினைத்து. பிறகு சலூன்காரரின் முகத்தை உற்றுப் பார்த்தார். காது, மூக்கு, நெற்றி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்திலிருந்து மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போனது. நீர் கோத்து வீங்கிய கைகள் போர்வையைத் தேட ஆரம்பித்தன.

"அப்போ அவன் வரலியா?"

ஒரு கிழவரின் ஒரே சந்தோஷத்தைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டோம் என்று சலூன்காரருக்குப் பட்டது. சிஸ்டர் சொன்னதைக் கேட்டிருக்கலாம், யோக்கியன் என்று பேர் வாங்க ஆசைப்பட்டுத்தான் வந்திருக்கிறோம் என்றுகூடத் தன்னைத் திட்டிக்கொண்டார். வாய் திறந்து தம்பி வந்திருக்கிறார் என்று சொல்லப் போனார். சொல்லவில்லை. அவர் இன்னும் வராந்தாவில் இருக்கிறாரா, பஸ்ஸுக்குப் போய்விட்டாரா என்று தெரியாமல் இன்னொரு முறை அவர் பேரில் ஒரு வார்த்தை சொல்ல நாக்கு வரவில்லை.

கட்டிலின் கால்மாட்டில் நிழல் விழுந்தது. தம்பி பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றுகொண்டிருந்தார்.

லாரிக்காரர் அவரையும் அப்படித்தான் பார்த்தார், ஒவ்வொன்றாக. ஒருமுறை ஏமாந்த மனுஷன், இனி எந்த முகத்தையும் நம்பத் தயாராக இல்லை. நீ யார் என்று கேட்கவில்லை. கேட்டதையே மறுபடி கேட்டார், இந்த முறை மிகவும் மெதுவாக.

"மன்னிச்சுட்டியா?"

தம்பி கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர், சொல்லித் தொலையேன்ப்பா என்று முனகியது எல்லோருக்கும் கேட்டது.

"இல்ல," என்றார் தம்பி. "மன்னிக்கல. ஆனா வந்திருக்கேன்."

லாரிக்காரரின் கைகள் போர்வையைத் தேடுவதை விட்டன. அவருடைய உதடு கோணியது. அழப் போகிறார் என்று சலூன்காரர் நினைத்தார். ஆனால் அது சிரிப்பு.

"நீதான்டா," என்றார். "நீதான் சின்னவன்."

கேட்ட உடனே கொடுக்கிற ஆளா இவன் என்று சலூன்காரரிடம் திரும்பிச் சொன்னார். சின்ன வயசில் இவனுடைய பட்டத்தைக் கிழித்துவிட்டதற்கு அடுத்த காற்றுக்காலம் வரை பேசாமல் இருந்த பயல் இவன் என்றார். சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. தம்பி அப்போதுதான் பையை இறக்கினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அண்ணனின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். இத்தனை காலம் பூட்டி வைத்திருந்தது அவர் கண்ணில் தளும்பிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் அழ வந்தவராகத் தெரியவில்லை. எதையோ வாங்கிக்கொண்டு போக வந்தவராகத் தெரிந்தார்.

"அம்மா என்ன சொன்னா, அதச் சொல்லு. கடைசி நாளெல்லாம் என்னென்ன பேசினா? ஒண்ணு விடாம சொல்லு. அது உனக்கு மட்டும்தான் தெரியும். அத வாங்கத்தான் வந்தேன்."

சலூன்காரருக்கு அங்கே இருக்கக் கூடாது என்று பட்டது. எழுந்தார். தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். இப்போது வாய் வரவில்லை. கேட்டால், ஆமாம் என்றோ இல்லை என்றோ அவரைச் சொல்ல வைக்க வேண்டியிருக்கும். அவர் சுமந்து வந்ததே போதும், இது வேறா என்று நினைத்தார். ஓசைப்படாமல் நகர்ந்தபோது தம்பி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அவர் மொகத்த முடிச்சுட்டுப் போங்க."

சாமான்கள் எல்லாம் கடையில் இருந்தன. சிஸ்டர் ஆபரேஷனுக்கு முன்னால் மழிப்பதற்கு வைத்திருக்கும் சாமான் தட்டைக் கொண்டுவந்து கட்டிலோரம் வைத்தார். வெந்நீரும் அவரே கொண்டுவந்தார். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை பற்றி அவரும் எதுவும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

சலூன்காரர் நுரை தடவினார். கத்தியைக் கன்னத்தில் வைத்தார். லாரிக்காரர் பேச ஆரம்பித்தார்; கத்தியை எடுத்துக்கொண்டார். மழிக்கும்போது வாயை அசைக்காதீர்கள் என்று எத்தனையோ பேரை அதட்டியிருக்கிறார், இவரை அதட்டவில்லை. கதவைத் தாழ் போடாதே, சின்னவன் வருவான் என்று அம்மா தினமும் சொல்வாள் என்றார் லாரிக்காரர். பேச்சு நின்றதும் சலூன்காரர் ஒரு இழுப்பு இழுத்தார். மறுபடி உதடு அசைந்தது. கத்தியை எடுத்துக்கொண்டார்.

"அவ தூங்கின உடனே நான் எந்திரிச்சுப் போய் தாழ் போட்டுடுவேன்டா. நீ வரமாட்டேன்னு எனக்குத் தெரியுமே."

தம்பி தலையைக் கட்டில் கம்பியின் மேல் சாய்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அண்ணன் நிறுத்திவிட்டார். வார்டே காத்துக்கொண்டிருந்தது. சலூன்காரரின் வாய் வரைக்கும் ஏதோ ஒரு ஆறுதல் வந்தது. ஆயுசு முழுக்க அடுத்தவரைத் தளர வைத்தே பழகிய வாய் அது. அவர் அதைத் திறக்கவில்லை. நுரை காய்ந்துகொண்டிருந்த கன்னத்தை ஈரத் துண்டால் ஒற்றினார். பிறகு, தலையை எடுக்காமலே தம்பி கேட்டார்.

"அப்புறம்?"

லாரிக்காரர் சொன்னார். சலூன்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். லாரிக்காரர் மூச்சு வாங்குகிற இடத்தில் ஒரு இழுப்பு, தம்பி அப்புறம் என்கிற இடத்தில் நிறுத்தம் என்று போனது. இரண்டு தரம் வெந்நீர் ஆறிப்போய் சிஸ்டர் மாற்றிக் கொடுத்தார். சாயங்கால பஸ் போகிற நேரம் வந்தது, போனது. யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு முகத்தை முடிக்க விளக்குப் போடும் நேரமாகிவிட்டது. அத்தனை நேரத்திலும் சலூன்காரர் யாருக்கும் ஆமாம் போடவில்லை.